சீமாட்டி கிழவியாகும் ஷாட்

என் அக்கா ரத்தக்காட்டேரியாக நடித்தவள். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு அக்காவின் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். இதற்கென்றே அக்கா ஒரு பார்வை வைத்திருக்கிறாள். அதோடு சிரிப்பு அடங்கிவிடும். எண்பதை எட்டிப் பிடிக்கப் போகிற வயதிலும் அந்தப் பார்வை மட்டும் நரைக்கவில்லை.

படம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதில் அக்கா ஒரு கோட்டையின் சீமாட்டி. சின்னப் பெண்களின் ரத்தத்தைக் குடித்துக் குடித்து என்றும் இளமையாக இருப்பவள். அவள் கடைசியாக யாருடைய ரத்தத்தைக் குடிக்க வருகிறாளோ அந்தப் பெண்ணாக நடித்தது நான். எனக்கு வசனம் ஒன்றுகூடக் கிடையாது. கழுத்தைக் காட்டிக்கொண்டு மயங்கிக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். மயங்கிக் கிடப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று இன்றுவரை மார்தட்டிக்கொள்கிறேன். அந்தப் படத்துக்குப் பிறகு சினிமாக்காரர்கள் அக்காவைச் சீமாட்டி என்றே கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

போன வாரம் ஒரு லேபிலிருந்து போன் வந்தது. பழைய படங்களைக் கழுவித் துடைத்துப் புதுசாக்கித் தருகிற இடமாம். மூடிப்போன ஸ்டுடியோவின் கிடங்கில் எங்கள் படத்தின் நெகட்டிவ் கிடைத்திருக்கிறது. சுத்தம் செய்து முடித்துவிட்டார்கள். தியேட்டரில் போடுவதற்கு முன்னால் சீமாட்டி அம்மா வந்து ஒருமுறை பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும் என்றார்கள்.

நான் கூரையில் முட்டிக்கொள்ளாத குறைதான். அக்காவோ சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நான் வரல. நீ வேணா போய்ப் பாத்துட்டு வா. நீதான் அதைத் தலையில தூக்கி வச்சுட்டு ஆடறவ."

"உன் படம்க்கா."

"என் படம்தான். அதனாலதான் வரல."

விஷயம் இதுதான். படம் வெளியான அன்று தியேட்டருக்குப் போன அக்கா, கடைசிக் காட்சி வருவதற்கு முன் எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. சீமாட்டி கிழவியாகும் அந்த ஷாட்டை, அதில் நடித்தவளைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. எங்கள் படம் என்பதால் மட்டும் அல்ல. எனக்கு இந்த வகைப் படங்கள் என்றால் உயிர். காட்டேரிப் படம் என்றால் பல் என்று நினைக்கிறவர்கள் பாவம். பல்லில் என்ன இருக்கிறது, நாய்க்கும்தான் பல் இருக்கிறது. பயம் இருப்பது கண்ணாடியில். ஒரு காலையில் சீமாட்டி கண்ணாடி முன் உட்கார்ந்து கண்ணோரத்தில் ஒரு கோட்டைப் பார்க்கிறாள். பிறகு கண்ணாடிக்குள்ளேயே பின்னால் நிற்கும் வேலைக்காரப் பெண்ணின் கன்னத்தைப் பார்க்கிறாள். அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் அவள் முடிவு செய்கிறாள். அன்று ராத்திரி அவள் அந்தப் பெண்ணிடம் போய், குளிருகிறதா என்று கேட்டுப் போர்வையை இழுத்துவிடுவாள். உன்னை உறிஞ்சப் போகிறவர்கள் முதலில் போர்த்தித்தான் விடுவார்கள் என்பது இந்தப் படங்களை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு அழகாகவும் தெரிந்திருந்தது! நீளமான தாழ்வாரங்கள், மெழுகுவர்த்தி நிழல், தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் பட்டு அங்கி. எல்லாம் பலகையும் சுண்ணாம்பும்தான். தட்டினால் டொக் என்று சத்தம் கேட்கும். திரையில் பார்த்தால் முந்நூறு வருஷத்துக் கல்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருடிய இளமைக்குக் கடைசியில் ஒரு முகத்தில் கணக்குத் தீர வேண்டும், அதுவும் நம் கண்ணெதிரே. மற்ற படங்களில் அந்த இடம் வந்ததும் ஒரு புகை வரும், அல்லது திரைச்சீலை ஆடும். மறுபடி காட்டும்போது கிழவி வேஷம் தயாராக இருக்கும். எங்கள் டைரக்டர் அப்படிச் செய்ய மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வெட்டக் கூடாது, ஒரே ஷாட், இரண்டு முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், இவள் கிழவியாக ஆக அந்தப் பெண்ணுக்கு உயிர் திரும்ப வேண்டும்.

இதை முடித்துக் கொடுத்தது, செட்டில் எல்லோரும் மாமா என்று கூப்பிட்ட மேக்கப்காரர். கறுப்பு வெள்ளைப் படம் அல்லவா, ஃபிலிமுக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் இருட்டு மட்டுமே தெரியும். மாமா அக்காவின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்தார். சிவப்பு விளக்கைப் போட்டால் சிவப்புக் கோடு தோலோடு தோலாக மறைந்துவிடும். பச்சை விளக்கைப் போட்டால் அதே கோடு கறுத்து மேலே வரும். என் முகத்துக்கு நேர்மாறு. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், உதட்டில் எல்லாம் பச்சை. சிவப்பு விளக்கில் நான் செத்துக்கொண்டிருப்பேன், பச்சை விளக்கில் அந்தக் கறை போய்விடும். விளக்குக்காரர் ஒரு கையால் சிவப்பை மெதுவாக இறக்கி இன்னொரு கையால் பச்சையை ஏற்றினார். அவ்வளவுதான். வெட்டு இல்லை, புகை இல்லை. ஒரே மூச்சில் ஒருத்தியின் இளமை இன்னொருத்திக்குத் திரும்பிப் போனது.

நான் அந்தப் படத்துக்குள் வந்ததே தற்செயல். அந்த வருஷம் எனக்குக் காய்ச்சல் கண்டு, பிழைப்பேனா என்கிற அளவுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மா முன்பே போய்விட்டாள். அக்காதான் எனக்கு எல்லாம். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மாட்டேன் என்று படப்பிடிப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டைரக்டர் என்னைப் பார்த்த கணமே, தேடிக்கொண்டிருந்த பெண் கிடைத்துவிட்டாள் என்றார். ரத்தம் குடித்து முடித்த மாதிரியே இருந்தேனாம்.

அந்த ஷாட் அக்காவை என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. ஹீரோயினாக வளர்ந்துகொண்டிருந்தவள். படம் ஓடியது, ஜனங்கள் அலறினார்கள், அதோடு ஹீரோயின் வேஷம் நின்றது. உங்களைப் பார்த்தால் அந்தக் கிழவி மூஞ்சி ஞாபகத்துக்கு வருகிறது என்று ஒரு தயாரிப்பாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அடுத்த வருஷம் அவளைவிட வயதில் மூத்த ஒரு ஹீரோவுக்கு அம்மாவாக நடித்தாள். அதற்குப் பிறகு அம்மா, மாமியார், பேய், மறுபடி அம்மா. அந்த அம்மாக்களின் சம்பளத்தில்தான் நான் படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

"நீ வரலேன்னா நானே போய் உனக்கும் சேத்து சரின்னு சொல்லிடுவேன்" என்றேன்.

அக்கா பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தாள். "உன்னை நம்பி அனுப்ப முடியாது. ஒரு காபி கொடுத்தா எல்லாத்துக்கும் தலையாட்டிடுவ. இரு, வரேன்."

லேப் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் புளித்த காடி வாசனை. ஃபிலிம் கெட்டுப்போனால் அப்படித்தான் வருமாம். ஏசி எலும்பைத் துளைத்தது. வெள்ளைக் கையுறை போட்டவர்கள் ஃபிலிம் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் படத்தைச் சுத்தம் செய்தவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு டெக்னீஷியன். அக்காவைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுத் துடைத்தார், தான் உட்காரவே இல்லை.

"அம்மா, நாலு மாசமா உங்க முகத்தைத்தான் பாத்துட்டிருக்கேன். என் பொண்டாட்டி சண்டைக்கு வராத குறை" என்றார். அக்கா அந்தப் பார்வையை எடுக்கப் போனாள். என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள்.

திரைச்சீலையை இழுத்து அறையை இருட்டாக்கினார். படம் ஓடியது. எப்படிச் சொல்வது! நான் பார்த்துவந்த பிரதியெல்லாம் மழை கொட்டுகிற மாதிரிக் கீறல் விழுந்தவை. இதில் மெழுகு உருகி வழிவது தெரிந்தது. அங்கியின் சரிகை தெரிந்தது. அக்கா தாழ்வாரத்தில் நடந்து வரும்போது கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. என் அக்கா இவ்வளவு பெரிய நடிகையா என்று எழுபதை நெருங்கும் வயதில் புதுசாக ஆச்சரியப்பட்டேன். பக்கத்தில் அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. கோட்டையின் மணி அடிக்கிறது, சீமாட்டியின் கெடு முடிந்தது. சீமாட்டியின் மடியில் நான் கிடக்கிறேன். அவள் குனிகிறாள், நிமிர்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இப்போது விளக்கு மாறும். இதோ மாறுகிறது.

ஒன்றும் ஆகவில்லை.

சீமாட்டி அதே பளபள முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நானும் பளபளவென்று கிடந்தேன். இரண்டு அழகிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீமாட்டி சிரித்தாள். படம் முடிந்தது.

"சுருக்கம் எங்க?" என்று கத்தியே விட்டேன். "எங்க அக்கா கிழவியாகணுமே, எங்க போச்சு?"

டெக்னீஷியன் ஒன்றும் புரியாமல் விழித்தார். நான் சிவப்பு, பச்சை, மாமா எல்லாவற்றையும் படபடவென்று கொட்டினேன். பாதி கேட்கும்போதே அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சுருள்தான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்ததாம். ஃபிலிமின் மேல்பூச்சு வெடித்து ஏகப்பட்ட விரிசல். ஒரு ஷாட்டின் நடுவில் திடீரென்று முளைத்து, கடைசிவரை போகாமல் நிற்கிற கோடும் கறையும் பெரும்பாலும் விரிசல்தான். கம்ப்யூட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும், இவர் துடைத்துவிடுவார். முகத்தில் இருந்ததால் இன்னும் கவனமாக, ஒவ்வொரு ஃபிரேமாகத் துடைத்திருக்கிறார்.

"பதினேழு நாள் இந்த ஒரு ஷாட்டுக்கே உக்காந்தேன்மா" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு பக்தியோடு யாரும் ஒரு படத்தைக் கெடுத்திருக்க முடியாது.

"பழையபடி ஆக்கலாமில்ல?"

"ஆக்கலாம். துடைக்காத ஸ்கேன் அப்படியே இருக்கு. நான் விரிசலை மட்டும் எடுத்துட்டு—"

அதற்குள் லேப் முதலாளி உள்ளே வந்துவிட்டார். செண்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, பதறாமல் அக்காவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்படியே இருக்கட்டுமே. முகக் கிரீம் கம்பெனி ஒண்ணு இந்தப் படத்துக்கு விளம்பரம் போடுது. போஸ்டரே இந்தக் கடைசி முகம்தான். ஊரெல்லாம் ஒட்டப் போறோம். அந்தக் காலத்துல உங்களைக் கிழவியாக்கி ஓரங்கட்டிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இப்ப யாரும் கிழவியைப் பாக்க மாட்டாங்க. கடைசிவரைக்கும் நீங்க அழகுதான். உங்க முகம், உங்க இஷ்டம். வேணாம்னா பழையபடியே மாத்திடறேன். ஆனா யோசிச்சுச் சொல்லுங்க."

ஆள் விவரமானவர். அக்காவுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தே கை வைத்தார்.

நான் சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். உலகத்தில் இருக்கும் எல்லாக் காட்டேரிப் படங்களையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஷாட்டுக்கு ஈடாகாது என்று வாழ்க்கை பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஆனால் அந்த ஷாட்டை ரசித்தது நான், அதற்கு விலை கொடுத்தது அவள். போன இளமையை ஒருவர் துடைத்துப் பளபளவென்று கையில் தருகிறார். வாங்கிக்கொள்ளட்டுமே. அவள் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாது என்றும் அதே மூச்சில் நினைத்தேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அக்கா.

டெக்னீஷியன் போட்டார். மணி அடித்தது, விளக்கு மாறியது, ஒன்றும் ஆகவில்லை, சீமாட்டி சிரித்தாள்.

"இன்னொரு தடவை."

மறுபடி போட்டார். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். முதலாளி என்னைப் பார்த்து, முடிந்தது என்பது போலத் தலையை ஆட்டினார். அக்காவின் கண் அந்த இளம் முகத்தை விட்டு அசையாது என்றுதான் நானும் நினைத்தேன்.

"இவ முகத்துலயும் துடைச்சீங்களா?" என்றாள்.

"யார் முகத்துலம்மா?"

"மடியில கிடக்கிற பொண்ணு. அவளுக்குக் கண்ணுக்குக் கீழ எல்லாம் கறுப்பா இருந்துதே."

"அதுவும் கறைன்னு நினைச்சு முதல்லயே எடுத்துட்டேம்மா."

"அப்ப இவ சாகவே போகலையே" என்றாள் அக்கா. "பிறகு நான் எதுக்குச் சிரிக்கிறேன்?"

அந்தச் சிரிப்பைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். டைரக்டர் அலறத்தான் சொல்லியிருந்தார். அக்கா சிரித்துவிட்டாள். இன்னொரு டேக் எடுப்பதற்குள் விளக்கின் முன்னால் மாட்டியிருந்த சிவப்புக் கண்ணாடி சூட்டில் வெடித்துவிட, அதுவே படத்தில் தங்கிவிட்டது. சீமாட்டியின் கர்வம் என்றார்கள், பைத்தியம் என்றார்கள். அக்காவைக் கேட்டால், காட்டேரிப் பல் செட் உறுத்தியது, அதனால் வாய் கோணிக்கொண்டது என்பாள்.

"பல்லு செட்டுன்னு சொன்னியேக்கா" என்றேன்.

"பேட்டிக்கு வர்றவன்கிட்ட வேற என்னடி சொல்ல?" அவள் என் பக்கம் திரும்பவில்லை. "நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகல. மாமா உனக்குப் பூசின கலர் இருக்கே, கட்டில்ல கிடந்தப்ப நீ அச்சு அசலா அப்படித்தான் இருந்த. டாக்டர் கையை விரிச்ச அன்னிக்கு அதே கண்ணு, அதே உதடு. எனக்குப் பாக்கவே முடியல. அப்புறம் அந்த லைட்காரர் லைட்டை மாத்தறார். என் முகத்துல என்ன ஆகுதுன்னு எனக்கெப்படித் தெரியும்? என் கண்ணுக்குத் தெரிஞ்சது நீ மட்டும்தான். கறுப்பு போகுது, கன்னம் வருது, உதடு வருது. அலறுன்னா எப்படி அலறுவேன்? சிரிப்பு வந்துடுச்சு."

டெக்னீஷியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ஏன்க்கா இத்தனை வருஷம் சொல்லல?"

"சீமாட்டி ஏன் சிரிச்சான்னுதான் எல்லாரும் கேட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

முதலாளி மெல்லத் தொண்டையைச் செருமினார். "அம்மா, போஸ்டர்..."

"முகக் கிரீம்காரர்கிட்ட சொல்லுங்க, வேற மூஞ்சியைப் பாத்துக்கச் சொல்லி." அக்கா அந்தப் பார்வையை இப்போது முழுசாக எடுத்துவிட்டாள். "என் சுருக்கத்தையும் இவ கறையையும் இருந்த இடத்துலயே வைங்க. சும்மா உக்காந்து இளிக்கிறதுக்கா நான் அன்னிக்கு அவ்வளவு நேரம் அசையாம இருந்தேன்?"

முதலாளி எழுந்தார். வாக்குக் கொடுத்த மனிதர், அதை மீறவில்லை. டெக்னீஷியனிடம் தலையசைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடமோ சமாதானம் சொல்லும் குரல் கொஞ்ச நேரம் கேட்டது.

"துடைக்காத ஸ்கேன் இருக்குன்னீங்களே, அதைப் போடுங்க" என்றாள் அக்கா.

"அதுல விரிசல் நிறைய இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டும்."

அவர் போட்டார். விரிசலும் புள்ளியும் பொரிந்துகொண்டு வந்தன. அவற்றுக்கு நடுவில் மணி அடித்தது. விளக்கு மாறத் தொடங்கியது. எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அன்று மயிர்க்கூச்செறிந்தது. சீமாட்டியின் கண்ணோரத்தில் முதல் கோடு வந்தது, நெற்றியில், வாயின் இரண்டு பக்கத்திலும், பிறகு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு முகம் முழுக்க. இருபத்து நாலு வயசு முகம் எந்த மறைப்பும் இல்லாமல் எல்லோருக்கும் முன்னால் கிழடு தட்டியது. அதைவிட அழகான ஒன்றைச் சினிமாவில் நான் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப் போவதில்லை.

அக்கா என்ன நினைக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். முதல் தடவையாக அந்த ஷாட்டைப் பார்க்கிறாள் அல்லவா. ஆனால் தன் முகம் இருந்த பக்கம் அவள் பார்க்கவே இல்லை. திரையின் கீழ் மூலையில் என் கன்னத்தில் கறை மறைந்து நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.